சேது காசைப் படமெடுக்க ஸ்கேனரா, போனா?

கிளிநொச்சி வீட்டில் அப்பப்பாவின் தகரப்பெட்டிக் காசுகளை இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்தேன். ஸ்கேனரில் ஒரே தடவையில் இருபது காசு பிடிக்கலாம், அளவும் மாறாது. ஆனால் மேடு பள்ளம் தட்டையாகிவிடுகிறது. யாழ்ப்பாண அரசர்களின் சேது காசு செம்பு. படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் தேய்ந்து மங்கியிருக்கும். அதற்குப் போன்தான் சரி. புத்தக அடுக்கில் போனை அசையாமல் வைத்து, காலை வெயிலை ஜன்னல் வழியே சரிவாக விழவிட்டேன். நந்தியின் திமில் நிழலோடு எழும்பி வந்தது! (காசைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.) பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ் காலத்துத் தேயாத சதக் காசுகளுக்கு ஸ்கேனரே போதும்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும், டொக்கியுமெண்டாக அனுப்புங்கள். இடப்பெயர்வில் பாதிக் காசு தொலைந்தது, ஒன்றுக்கும் படமில்லை. அதனால் மூலப்படங்களைப் பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் வைத்திருக்கிறேன்.