32 மீட்டர் ஸ்கைலிஃப்ட்: ஒன்பது வருஷம் ஓட்டியவன் சொல்வது

போன வாரம் ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில், பழைய ஷிப்டுப் பையன் ஒருத்தன் கூப்பிட்டான். இப்போது வேறொரு ஆலையில் ஃபயர் ஆபீசராக இருக்கிறான். "அண்ணாச்சி, நாம ஓட்டுன அதே ஸ்கைலிஃப்ட் மாடலை இங்க எடுக்கப் போறாங்க. எடுக்கலாமா, வேண்டாமா? உங்க வார்த்தையத்தான் நம்பியிருக்கேன்" என்றான். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். வாங்கும் யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும். தயாரித்த கம்பெனியின் பெயரும் நான் வேலை பார்த்த ஆலையின் பெயரும் வேண்டாம். தூத்துக்குடி வட்டாரம், கடலுக்கு நடக்கிற தூரம், மூன்று பக்கமும் உப்பளம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

மெஷின் இதுதான், உயரத்தில் நெருப்பை அணைக்கவும் மாட்டிக்கொண்டவர்களை இறக்கவும் ஓட்டுகிற தீயணைப்பு வண்டி: லாரி சேஸிஸ்மேல் டர்ன்டேபிள் என்கிற சுழலும் மேடை, அதிலிருந்து நீளும் பூம் என்கிற இரும்புக் கை, நுனியில் முழங்கை மாதிரி மடங்கும் சின்ன பூம், அதற்கும் நுனியில் 400 கிலோ தாங்கும் கூண்டு. பூமின் பக்கவாட்டில் அவசரத்துக்கு இறங்க ஓர் ஏணி. ஜெர்மன்காரர்களின் டர்ன்டேபிள் ஏணியிலிருந்து இது வேறு ஜாதி. அது ஏணிதான் முதலில். சீக்கிரம் நிறுத்தலாம், ஆள் ஆளாக இறங்கிக்கொண்டே இருக்கலாம். இதில் கூண்டுதான் முதலில். 1958-இல் சிகாகோ தீயணைப்புத் துறைத் தலைவர் ராபர்ட் க்வின், மரக்கிளை வெட்டுகிறவர்கள் ஏறி நிற்கும் கூண்டைப் பார்த்துவிட்டு, இதையே நெருப்புக்கும் கொண்டுபோகலாமே என்று செய்யச் சொன்னதில் பிறந்த குடும்பம் இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கையாள்வதற்கு வெண்ணெய். ஜாய்ஸ்டிக்கை விரல் நுனியால் தள்ளினால் போதும், கூண்டு குலுங்காமல் போய் நிற்கும். அந்த மடங்கும் கையின் அருமை, கைப்பிடிச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கவேண்டி வரும்போதுதான் புரியும். நேர் ஏணியால் அது ஆகாது. நிலக்கரி போகிற கன்வேயர் கேலரியில் ஒருமுறை தூள் புகைந்தபோது, கூண்டிலிருந்தே மானிட்டரை, அதாவது தண்ணீர் பீரங்கியை, திருப்பிச் சரியாக அந்த ஜன்னலுக்குள் தண்ணீர் விட்டோம். தரையிலிருந்து அடித்திருந்தால் பாதித் தண்ணீர் சுவரில்தான் பட்டிருக்கும். ஒரு கணக்கு மட்டும் மறக்கக்கூடாது: தண்ணீர் 10 மீட்டர் ஏற ஏற ஒரு பார் பிரஷர் போய்விடும். மேலே 30 மீட்டரில் மானிட்டருக்கு 7 பார் வேண்டுமென்றால் கீழே பம்ப் 10 பாருக்கு மேல் தள்ளவேண்டும், குழாயில் உரசிப் போகிற நஷ்டம் தனி. எங்கள் ஆலையில் அந்தப் பக்கத்து ஹைட்ரண்ட் லைனுக்கு, அதாவது தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்க்கு, அந்தத் தெம்பு இல்லை என்று மெஷின் வந்த பிறகுதான் தெரிந்தது.

இனி உயரம். பிரசுரத்தில் 32 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பூமை ஏறக்குறையச் செங்குத்தாக நிமிர்த்தினால் வருகிற கணக்கு. கட்டிடத்தை ஒட்டி லாரியை யார் நிறுத்த விடுவார்கள்? நடுவில் பூந்தொட்டி, ஸ்கூட்டர் ஷெட், கேபிள் டிரெஞ்சு. பத்து மீட்டர் தள்ளி நின்று சாய்த்தால் உயரம் குறையும். ஜெர்மனியில் ஏணி வண்டிக்கு 23/12 என்று பெயரிலேயே போடுவார்கள்: 12 மீட்டர் தள்ளி நின்றால் 23 மீட்டர் எட்டும் என்று அர்த்தம். எனக்குப் பிடித்த நேர்மை அது. விற்க வருகிறவரிடம் உயரத்தைக் கேட்காதீர்கள். கூண்டில் இரண்டு பேர் இருக்க, இத்தனை மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு எட்டும் என்ற வரைபடத்தைக் கேளுங்கள். எல்லாக் கையேட்டிலும் இருக்கும், பிரசுரத்தில் இருக்காது.

அடுத்தது ஜாக், அதாவது வண்டி கவிழாமல் இருக்கப் பக்கவாட்டில் விரித்து ஊன்றும் கால். இந்த மெஷினின் பாதிச் சங்கடம் இதில்தான். நாலு ஜாக்கையும் முழுசாக விரித்தால் அகலம் ஐந்தரை மீட்டர். நாலும் தரையை அழுத்தி, வண்டியின் டயர் மண்ணைவிட்டு எழும்பி, மட்டம் சரியாக நின்றால்தான் பூம் அசையும். சிமென்ட் தரையில் இது ரெண்டு நிமிஷ வேலை. எங்கள் ஊர் மண்ணில்? மேலே காய்ந்து பொருக்கு தட்டியிருக்கும், ஒரு சாண் கீழே உப்புச் சேறு. முதல் மாசம் டேங்க் பக்கம் நிறுத்தியபோது பின் வலது ஜாக் அப்பம் மாதிரி அமுங்கிப் போனது. மெஷினோடு வந்த பிளாஸ்டிக் தட்டு அதற்குப் போதவில்லை. பிறகு தோணி கட்டுகிற ஆசாரி ஒருவரிடம் போய், மூணு அங்குலக் கனத்தில், ரெண்டடிக்கு ரெண்டடி, நாலு பலகை அறுத்து வாங்கிவந்தேன். அதைப் போட்ட நாளிலிருந்து அமுங்கல் இல்லை. இந்த மெஷினுக்கு நான் வாங்கியதிலேயே மலிவான பாகம் அதுதான், ஒருநாளும் ரிப்பேர் ஆகாத பாகமும் அதுதான்.

அமுங்கலைவிடப் பெரிய தொல்லை, ஜாக் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று பார்க்கும் சென்சார். ஒரு மே மாசம், மாக் டிரில் என்கிற தீயணைப்பு ஒத்திகை. நானும் புதுசாகச் சேர்ந்த ஒரு பையனும் கூண்டில், 26 மீட்டர் உயரத்தில். ஜாய்ஸ்டிக் செத்துப்போனது. திரையில் ஒரு எண், காதைக் கிழிக்கும் அலாரம். கீழே டர்ன்டேபிள் சீட்டில் இருந்த டிரைவர் முயன்றார், அங்கேயும் அசையவில்லை. ஜாக் நாலும் பாறை மாதிரி நிற்கிறது. ஆனால் ஒரு ஜாக் தரையைவிட்டுத் தூக்கிவிட்டது என்று மெஷின் நம்புகிறது. நம்பினால் நின்றுவிடும், அதன் தர்மம் அது. பையன் பக்கவாட்டு ஏணியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "பெல்ட்டு கொக்கிய கழத்தாதல" என்றேன், அவ்வளவுதான் பேசினேன். மெஷினின் தடையை மீறி இயக்கும் ஓவர்ரைடு சாவி எங்கே என்று தேடி, பேட்டரியில் ஓடும் அவசரப் பம்பைப் போட்டு, அங்குலம் அங்குலமாக இறங்கினோம். நாற்பது நிமிஷம். சாவி, ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருந்தது!

காரணம் என்ன தெரியுமா? சுண்டுவிரல் கனத்தில் ஒரு கனெக்டர். உள்ளே செம்பு ஊசிகள் பச்சைக் களிம்பு பூத்திருந்தன. உப்புக்காற்று. அந்தக் கனெக்டரைத் தனியாகத் தரமாட்டார்களாம், கேபிள் முழுசாக வாங்கவேண்டுமாம், அது கடல் தாண்டி வரவேண்டுமாம். பதினோரு வாரம் மெஷின் ஷெட்டில் சிவப்புச் சீட்டோடு நின்றது. சர்வீஸ் இன்ஜினியர் நல்ல மனுஷன், போன் எடுப்பார், நேரில் வந்தால் வியர்க்க வியர்க்க வேலை செய்வார். ஆனால் அவர் லேப்டாப்பைச் சொருகிக் கடவுச்சொல் போடாமல் பாதி எண்களுக்கு அர்த்தமே தெரியாது. மெஷினுக்கு மார்க் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு போடுவேன், அதன் பின்னால் இருக்கிற சேவைக்கு நாலு.

பிறகு நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். சனிக்கிழமைதோறும் நல்ல தண்ணீரில் கழுவுவது. போர்த் தண்ணீர் கூடவே கூடாது, பிரஷர் கன்னைக் கனெக்டர் பக்கம் காட்டவே கூடாது. காய்ந்ததும் ஊசிகளுக்கு சிலிக்கான் கிரீஸ். மாசம் ஒருமுறை பூமைத் தூக்கி, நீட்டி, சிலிண்டர் ராடில் சாக்பீஸால் கோடு போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவது. திரும்பி வரும்போது கோடு நகர்ந்திருந்தால் உள்ளே சீலோ லாக் வால்வோ கசிகிறது. ஹோஸ் வெடித்தாலும் பூம் விழாமல் பிடித்திருப்பது அந்த வால்வுதான், அதை நம்பித்தான் மேலே நிற்கிறோம். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.-வின் 1911 என்ற எண் கொண்ட தரநிலையில் வருஷா வருஷம் ஏணிச் சோதனையும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உலோகத்துக்குள் விரிசல் தேடும் சோதனையும் எழுதி வைத்திருந்தார்கள். சும்மா எழுதவில்லை. 1875-இல் நியூயார்க்கில் புது ஏணி ஒன்றை ஊர் கூடிப் பார்க்க நிமிர்த்திக் காட்டியபோது, அது முறிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனார்கள். அங்கே நெருப்பே இல்லை.

காற்றையும் சொல்லவேண்டும். எங்கள் மெஷினுக்கு எல்லை வினாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். ஆடி மாசம் மத்தியானத்தில் எங்கள் பக்கம் கீழே நிற்கிறவனுக்கே வேட்டி பறக்கும். கூண்டிலிருக்கிற காற்றுமானி கத்த ஆரம்பித்தால் இறங்கிவிடவேண்டும். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கீழிருந்து சைகை காட்டும் மேனேஜருக்குக் காது கேட்காத மாதிரி இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆக, அவனுக்கு நான் சொன்ன பதில்: எடு. ஆனால் ஆர்டரிலேயே ஜாக் சென்சார் கேபிள் ரெண்டு செட், கூண்டு ஜாய்ஸ்டிக் ஒன்று, கூடவே எழுதி வாங்கு. ஃபால்ட் எண்களுக்கு விளக்கப் புத்தகம் கையில் வந்தால்தான் கடைசித் தவணை என்று சொல். ஓவர்ரைடு சாவி டர்ன்டேபிள் பக்கத்திலேயே, கண்ணாடிப் பெட்டியில்.

அப்புறம்தான் ஞாபகம் வந்து கேட்டேன், "கேட் ஆர்ச்சு எவ்வளவு உயரம்ல?"

"லாரியெல்லாம் போகுதுல்லா அண்ணாச்சி."

"லாரி போறது வேற. டேப்ப எடுத்து அள."

உயரக் கட்டிடத்துக்கு வாசலில் தலைக்குமேல் 4.5 மீட்டரும், வழி 6 மீட்டர் அகலமும், 45 டன் தாங்கும் தரையும் வேண்டும் என்று 2016 தேசியக் கட்டிட விதித்தொகுப்பு கேட்கிறது. அந்த மெஷின் பூமை மடக்கி உட்கார்ந்தாலே 3.85 மீட்டர். மறுநாள் காலையில் அளந்துவிட்டுக் கூப்பிட்டான். 3.90 இருக்கிறதாம். போன மாசம்தான் ஆர்ச்சுக்குக் கீழே புதுசாகத் தார் போட்டார்களாம்; அடுத்த வருஷம் இன்னொரு அடுக்கு போடுகிற திட்டம் இருக்கிறதாம்.