நிக்கோட்டின் சூயிங்கம்: மெல்லுவதைவிட அடக்கிவைப்பதே முக்கியம்

சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு மருந்துக்கடையில் எளிதாகக் கிடைப்பது நிக்கோட்டின் சூயிங்கம். நிக்கோடெக்ஸ் போன்ற பெயர்களில் 2 மி.கி., 4 மி.கி. என்று வருகிறது. 2 மி.கி. சீட்டில்லாமலே தருவார்கள், 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். வாங்கிய பலர் "காரமா இருக்கு, விக்கல் வருது, ஒண்ணும் ஆகலை" என்று இரண்டே நாளில் தூக்கிப்போடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் மெல்லும் முறையில்தான்.

புகையோடு போகும் நிக்கோட்டின் 10 முதல் 20 நொடிக்குள் மூளையை எட்டி, அங்குள்ள நரம்புசெல்களின் அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் (வேதிச்செய்தி வாங்கும் இடங்களில்) ஒட்டி, இன்ப உணர்வைத் தூண்டும் டோபமைனைச் சட்டென்று சுரக்கவைக்கும். ஆண்டுக்கணக்கில் புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகிவிடுகின்றன. இரத்தத்திலுள்ள நிக்கோட்டினோ சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இரவெல்லாம் அது கிடைக்காமல் கிடந்த மூளைதான் பல் துலக்கும் முன்பே சிகரெட் கேட்கிறது. சூயிங்கத்தில் அதே நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியே மெல்ல ஏறுகிறது; உச்சம் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும். எரிச்சலும் தவிப்பும் தணியும், ஆனால் அந்த 'கிக்' வராது. இதைப் பிடித்துக்கொண்டு புதிதாக அடிமையாவது அரிது என்பதற்குக் காரணம் இந்தத் தாமதம்தான். குறையும் அதுவே: ஆசை தலைக்கேறிய பிறகு போட்டால் சமயத்துக்கு உதவாது. வழக்கமாகப் புகைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே போட்டுவிடுங்கள்.

பத்துப் பதினைந்து முறை மெதுவாக மெல்லுங்கள். காரமோ சுரீரென்ற உணர்வோ வந்ததும் நிறுத்தி, வெற்றிலையை அடக்குவதுபோல் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிவையுங்கள். ஒரு நிமிடம் போலச் சுரீர் அடங்கியதும் மறுபடி மென்று, அடுத்த பக்கம் அடக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய், கல்லீரலில் பெரும்பகுதி சிதைந்துவிடும். மிஞ்சுவது விக்கலும் நெஞ்செரிச்சலும் குமட்டலும்தான். காபியோ கோலாவோ பழச்சாறோ குடித்த கையோடு போடாதீர்கள், 15 நிமிடம் போகட்டும். வாயில் அமிலம் இருந்தால் நிக்கோட்டின் உள்தோலைத் தாண்டாது. டீக்கடையில் டீயும் சிகரெட்டுமாக நின்று பழகியவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. தேவை, மற்றவர்களுக்கு 2 மி.கி. போதும். முதல் 6 வாரம் விழித்திருக்கும் நேரத்தில் 1–2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2–4 மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4–8 மணி நேரத்துக்கு ஒன்று. நாளுக்கு 24ஐத் தாண்டக் கூடாது. ஆனால் நடைமுறையில் பார்த்தால் அதிகம் போடுபவர்களைவிட, பயந்துபோய் நாளுக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் மிகுதி. 2 மி.கி. துண்டிலிருந்து உடம்பில் சேர்வதே ஏறக்குறைய 1 மி.கி.தான். புற்றுநோய்க்குப் பயப்பட வேண்டியது புகையிலுள்ள தாருக்கு. அது இதில் துளியும் இல்லை.

தவிப்பு முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், 2 முதல் 4 வாரத்தில் தணியும். நிறையப் புகைப்பவர்களுக்குச் சூயிங்கம் தனியாகப் போதாது. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்சோடு சேர்த்தால் பலன் கூடும் என்பதை ஆய்வுகள் உறுதியாகக் காட்டியிருக்கின்றன. கூடவே 1800-11-2356 என்ற தேசிய புகையிலை விடுப்பு உதவி எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் நல்ல ஏற்பாடு.

பல்செட் போட்டவர்களுக்கும் தாடை மூட்டு வலி உள்ளவர்களுக்கும் இது வேண்டாம், பேட்ச் பாருங்கள். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டே தொட வேண்டும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலினோ, மனநலத்துக்குக் குளோசபினோ எடுப்பவர்கள் புகையை விடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்: புகை நின்றதும் கல்லீரல் இவற்றை உடைக்கும் வேகம் குறைந்து, அதே மாத்திரை அளவு மிஞ்சிப்போகலாம். மென்று முடித்த துண்டிலும் நிக்கோட்டின் மீந்திருக்கும்; காகிதத்தில் சுருட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத குப்பைத்தொட்டியில் போடுங்கள்.