நாமாவின் வட அயர்லாந்துக் கடன் விற்பனை: விற்ற விதமும் கணக்குக் கேட்ட விதமும்

அயர்லாந்து வங்கிகள் சரிந்தபோது அவற்றின் மோசமான சொத்துக் கடன்களை வாங்கிக்கொள்ள 2009-ல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கிய அரசு நிறுவனம் நாமா. ஐந்து நிதி நிறுவனங்களிடமிருந்து 7,400 கோடி யூரோ முகமதிப்புள்ள கடன்களை 3,180 கோடிக்கு வாங்கியது. அதற்காக வெளியிட்ட, அரசு உத்தரவாதம் பெற்ற பத்திரங்களை 2017-க்குள் முழுவதுமாக அடைத்தும் விட்டது. அது சாதனைதான். இங்கே எடைபோடுவது அதன் விற்பனைகளில் ஒன்றை மட்டும்: வட அயர்லாந்துக் கடன்காரர்களின் கணக்குகளை ஒரே கட்டாகக் கட்டி, ‘ப்ராஜெக்ட் ஈகிள்’ என்ற பெயரில் 2014-ல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான செர்பரஸுக்கு விற்றது.

இந்த விற்பனையில் முதலில் பார்க்க வேண்டியது குறைந்தபட்ச விலை எப்படி வந்தது என்பதை. கடன் தொகுப்புக்கு விலை வைக்கும் முறை எளிது. வருங்காலத்தில் வரவேண்டிய பணத்தை ஒரு தள்ளுபடி வீதத்தால் இன்றைய மதிப்புக்குக் குறைப்பார்கள். நான்கு ஆண்டு கழித்து வரும் 100 பவுண்டு, 5.5 சதவீதத்தில் இன்று சுமார் 80.7 பவுண்டு, 10 சதவீதத்தில் 68.3 தான். வீதத்தை மாற்றினாலே விலை இவ்வளவு இறங்கும். நாமாவின் வழக்கமான வீதம் 5.5. அதை வைத்துப் பார்த்தால் தொகுப்பின் மதிப்பு 149 கோடி பவுண்டு. ஆனால் விற்பனைக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச விலை 130 கோடி. இடைப்பட்ட 19 கோடி பவுண்டுதான் 2016 செப்டம்பரில் வந்த அயர்லாந்து அரசின் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையின் மையம்.

நாமாவின் பதிலையும் சொல்லியாக வேண்டும். வெளிச்சந்தையில் எந்த முதலீட்டாளரும் 5.5 சதவீத லாபத்துக்கு இந்தக் கடன்களை வாங்க மாட்டார், அதனால் கூடுதல் வீதமே யதார்த்தம் என்றது. வாதத்தில் பொருள் உண்டு. அப்படியென்றால், வைத்திருந்து மெல்ல வசூலிப்பதைவிட இன்றே விற்பது ஏன் லாபம் என்பதை விற்கும் முன்பே எழுத்தில் காட்டியிருக்க வேண்டும். வாங்குபவரின் வீதத்தில் விலை போட்டு, விற்பவரின் வீதத்தோடு ஒப்பிடாமல் விட்டால், நாமா சட்டத்தின் 10-ஆம் பிரிவு கேட்கும் ‘அரசுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வருவாய்’ கிடைத்ததா என்று யாராலும் சோதிக்க முடியாது.

அடுத்தது போட்டி. நாமா தானாகச் சந்தைக்குப் போய்த் தொடங்கிய விற்பனை அல்ல இது. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிம்கோ தானே முன்வந்து கேட்டதில் தொடங்கியது. பிறகுதான் நாமாவின் விற்பனை ஆலோசகரான லசார்ட் நிறுவனம் மற்ற முதலீட்டாளர்களை அணுகியது. 2014 மார்ச்சில் பிம்கோ விலகியது. வாங்குவது கைகூடினால் பிம்கோ தரவேண்டிய வெற்றிக் கட்டணம் சுமார் 1.5 கோடி பவுண்டு மூன்றாகப் பிரிக்கப்படவிருந்தது, அதில் ஒரு பங்கு நாமாவின் வட அயர்லாந்து ஆலோசனைக் குழுவின் முன்னாள் உறுப்பினருக்குப் போகவிருந்தது என்பது வெளிப்பட்டதே காரணம். அந்த இடத்தில் விற்பனையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கடைசியில் விலைகேட்டவர்கள் இருவர்: செர்பரஸ், ஃபோர்ட்ரஸ். செர்பரஸ் தந்த 124.1 கோடி பவுண்டு, இடையில் வசூலானதைக் கழித்துத் திருத்திய குறைந்தபட்ச விலையைச் சற்றே தாண்டியது. இரண்டே பேர் நிற்கும் ஏலத்தில், குறைந்தபட்ச விலை எதுவோ அதை ஒட்டித்தான் விலை வரும்.

இனி, கணக்குக் கேட்ட ஏற்பாடுகள். தணிக்கையாளர் அறிக்கை இந்த முழு விவகாரத்திலும் மிகச் சிறந்த பணி. குற்றம் சாட்டாமல் கணக்கை மட்டும் வைத்தது. ஒவ்வொரு முடிவுக்கும் எழுத்து ஆதாரம் எங்கே என்று தேடியது. தொடக்கத்தில் தூண்டுகோலாக இருந்தது அரசியல்தான்: 2015 ஜூலை 2 அன்று எம்பி மிக் வாலஸ், இந்த விற்பனையோடு தொடர்புடையதாகச் சொல்லி, ஐல் ஆஃப் மேன் தீவின் வங்கிக் கணக்கொன்றில் இருந்த 70 லட்சம் பவுண்டு பற்றி அயர்லாந்து நாடாளுமன்றக் கீழவையான டாயிலில் கேள்வி எழுப்பினார். முறைகேடான பணம் எதுவும் தரவில்லை என்று செர்பரஸ் மறுத்தது. பிரிட்டனின் தேசியக் குற்ற முகமை விசாரணை தொடங்கியது.

நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 2016 கடைசி மாதங்களில் நடத்திய விசாரணையும், 2017 மார்ச்சில் தந்த அறிக்கையும் தணிக்கையாளருக்கு வலுச் சேர்த்தன. விலைகேட்பு முடிவதற்கு முந்தைய நாள் நிதியமைச்சர் மைக்கேல் நூனன் செர்பரஸ் நிர்வாகிகளைச் சந்தித்தது நடைமுறைப்படி பொருத்தமற்றது என்று எழுதியது. நூனன் அதைக் கடுமையாக எதிர்த்தார். நடைமுறைக் குறையைச் சுட்டினார்கள். ஆனால் அதற்கு விளைவு என்று எதுவும் வரவில்லை. இங்கேதான் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமைச்சரைக் கேட்டால் நாமா சுதந்திரமான வணிக நிறுவனம் என்பார். நாமாவைக் கேட்டால் வாரியம் முடிவெடுத்தது என்பார்கள். ஆனால் நாமா சட்டத்தின் 14-ஆம் பிரிவு அமைச்சர் நாமாவுக்கு எழுத்துமூலம் உத்தரவிடலாம் என்கிறது. அதிகாரம் கையில் இருந்தும் பயன்படுத்தாதவரிடம் அதற்கான பொறுப்பைக் கேட்க யாருக்கும் வழி வைக்கவில்லை.

இந்த விற்பனையை ஆராய 2017 ஜூனில் அமைத்த விசாரணை ஆணையம், ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் குக்கை ஒரே உறுப்பினராகக் கொண்டு தொடங்கியது. ஓர் ஆண்டில் முடிய வேண்டியதற்குத் தவணை மேல் தவணை. சாட்சியங்களை மறைவில் கேட்கும் ஆணையம் இப்படி நீண்டால், மக்களுக்கு அது இருப்பதே தெரிவதில்லை.

வேறெந்த அரசு நிறுவனமும் கடன் தொகுப்பை விற்கப் போகும்போது எம்பிக்களும் செய்தியாளர்களும் கேட்க வேண்டியவை சில. குறைந்தபட்ச விலை எந்த வீதத்தில் கணக்கிட்டது, வழக்கமான வீதத்தில் எவ்வளவு வரும், வித்தியாசத்துக்கு வாரியக் குறிப்பில் காரணம் உண்டா? ஒரே கட்டாக விற்பதற்குப் பதில் பிரித்து விற்றால் எத்தனை பேர் விலைகேட்பார்கள் என்று சோதித்தார்களா? ஆலோசனைக் குழு உறுப்பினர்கள் அந்தக் கடன்காரர்களுக்கே ஆலோசகர்களா? விலைகேட்பவர் யாருக்கு என்ன கட்டணம் தருகிறார் என்பதை விலையோடு சேர்த்தே எழுதித் தர வேண்டும். விலைகேட்பு திறந்திருக்கும் நாட்களில் அமைச்சர் யாரையாவது சந்தித்தால், அந்தக் குறிப்பு விற்பனை முடிந்த வாரமே நாடாளுமன்றக் குழுவின் மேசைக்கு வர வேண்டும்.