குரோஷேயில் தமிழ் எழுத்துகள்: குழாயா, மெத்தையா, அணில் பொம்மையா?

குரோஷேயில், அதாவது நூலைக் கொக்கி ஊசியால் பின்னும் முறையில், சின்னக் குழந்தைக்கு எழுத்துப் பொம்மை பின்ன மூன்று வழி உண்டு. மெல்லிய குழாயாகப் பின்னி, அதையே வளைத்து எழுத்தாக்கலாம். சதுரமாகச் சிறு மெத்தை பின்னி, அதன் முகத்தில் எழுத்தைப் புடைப்பாக ஏற்றலாம். அல்லது அணில், ஆடு, இலை என்று அமிகுருமி (பஞ்சடைத்துப் பின்னும் ஜப்பானிய பாணி) பொம்மை செய்து, வயிற்றில் எழுத்தைத் தைத்துவிடலாம். மூன்றையும் பின்னிப் பார்த்தபின் நான் தேர்ந்தது மெத்தை. ஆகவே இதை நடுநிலை அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கானவை. அவர்கள் நேர்ப்பட்டைகளாக இரண்டு முகம் பின்னி, ஓரத்தை இணைத்து, பஞ்சு அடைத்துவிடுகிறார்கள். அந்த முறை நமக்கு ட, ப, ம, ய போன்ற சில எழுத்துகளோடு நின்றுவிடும். இ, ஐ, ண, ழ என்று வந்தால் பட்டை வெட்டு உதவாது. அதனால்தான் தமிழுக்குப் பின்னுபவர்கள் குழாய்க்கோ மெத்தைக்கோ வந்து சேர்கிறார்கள்.

மூன்றாவது வழியை முதலில் முடித்துவிடலாம். உயிரெழுத்து வரை அது அழகுதான். அணில், ஆடு, இலை என்று போய் ஐவர் வரும்போது ஒரே எழுத்துக்கு ஐந்து ஆள் பின்ன வேண்டும். ஔவையாருக்குக் கைத்தடியும் வேண்டும். மெய்யெழுத்தில் சிக்கல் இன்னும் பெரிது. ண, ன, ள, ழ, ற எதிலும் தமிழ்ச் சொல் தொடங்காது. மான், பழம் என்று கடைசியிலோ நடுவிலோ வரும் எழுத்தைக் காட்டித்தான் சமாளிக்க வேண்டும். வால், காது, மீசை என்று தைத்து ஒட்டிய உறுப்பு ஒவ்வொன்றும் குழந்தை கடித்து இழுக்கும் இடம். ஓர் அணிலுக்கு ஆகும் நேரத்தில் இரண்டு, மூன்று மெத்தை முடிந்துவிடும். குழந்தையும் அணிலைப் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. பரிசாகக் கொடுக்க ஒன்றிரண்டு பின்னலாம். 31 எழுத்துக்கும் இது சரிவராது.

இனி உண்மையான போட்டி.

குழாய் எழுத்துக்கு ஆதரவாகச் சொல்ல நிறையவே இருக்கிறது. நூல் குறைவு, பார்வைக்கு எடுப்பு, எழுத்து கையில் பிடிக்கும் பொருளாகவே ஆகிவிடுகிறது. 8 பிளை காட்டன் நூல், 2.5 மி.மீ. ஊசி, ஒரு சுற்றுக்கு 8 சிங்கிள் குரோஷே என்னும் அடிப்படைத் தையல் (அமெரிக்க வழக்கில், பிரிட்டிஷ் குறிப்பில் இதையே டபுள் என்பார்கள்) என்று வைத்தால், அடைத்தபின் சுமார் 12 மி.மீ. தடிமன் வரும். எழுத்தைத் தாளில் வரைந்து, கோட்டின் மேலேயே ஒரு நூலைப் படுக்கவைத்து நீளம் அளக்க வேண்டும். 12 செ.மீ. உயர 'அ'வுக்கு ஏறத்தாழ 40 செ.மீ. நீளம், அதாவது 90 சுற்று. ஆறேழு சுற்றுக்கு ஒருமுறை ஃபைபரை (அடைக்கும் செயற்கைப் பஞ்சை) உள்ளே தள்ளிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் பென்சில் முனைகூட அடி வரை போகாது. இறுக்கி அடைத்தால் குழாய் வளையாது, தளர்வாக அடைத்தால் வளைவில் மடிந்து பள்ளம் விழும்.

சுழியில்தான் கதை மாறுகிறது. 12 மி.மீ. குழாயை உள்விட்டம் 2 செ.மீ.க்குக் கீழே வளைத்தால் உட்பக்கம் நசுங்கி மடிப்பு விழும். ஆக ஒரு சுழியே வெளிவிட்டத்தில் நாலரை செ.மீ. ஆகிவிடுகிறது. மூன்று சுழி 'ண'வை அந்தக் கணக்கில் பின்னினால் 15 செ.மீ. அகலம் தாண்டும், பக்கத்தில் 'ட'வை வைத்தால் ஒரே குடும்பத்து எழுத்தாகவே தெரியாது. குழாயை ஒல்லியாக்க 5, 6 தையலுக்கு இறங்கினால் உள்ளே ஃபைபர் போகாது. அதே நூலைப் பத்துப் பன்னிரண்டு இழையாகச் சேர்த்து உள்ளே கோர்க்க வேண்டியிருக்கும். அது நன்றாகவே வளையும், ஆனால் துவைத்தபின் காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது துவைப்பு. மூன்று வயதுக்குக் கீழ் இருக்கும் குழந்தையின் பொம்மை வாய்க்குப் போகும், தரையில் உருளும், பால் சிந்தும். வாரம் ஒருமுறையாவது தண்ணீரில் போட்டே ஆக வேண்டும். கரடி பொம்மை துவைத்து நசுங்கினாலும் கரடிதான். எழுத்து நசுங்கினால் வேறு எழுத்தாகிவிடும், அல்லது எந்த எழுத்தும் இல்லாமல் போய்விடும். 'ண'வின் ஒரு சுழி தளர்ந்து விரிந்தால் குழந்தை கையில் இருப்பது 'ன'. 'ஏ'வின் கீழ்ச் சாய்கோடு துவண்டு உடம்போடு ஒட்டினால் 'எ'. குழாயின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது கோடும் கோடும் தொடும் இடங்களில் போட்ட நாலைந்து தையல் மட்டுமே. ஈரக் காட்டன் கனக்கும். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் அந்தக் கனம் முழுவதும் அதே தையல்களில் இறங்கும். உள்ளே ஃபைபர் நகர்ந்து ஓரிடத்தில் கட்டியாகவும் அடுத்த இடத்தில் வெற்றுத் தோலாகவும் ஆகும். வெற்று இடம் வந்த அன்றே அந்த வளைவு போய்விட்டது என்று அர்த்தம். பிரித்து மறுபடி அடைப்பதைவிடப் புதிதாகப் பின்னுவது எளிது.

இதற்கு உள்ளே கம்பி வைக்கச் சொல்வார்கள். குழந்தை பொம்மையில் கம்பி கூடவே கூடாது, பிசிறு சுற்றிய மெல்லிய கம்பியான பைப் கிளீனரும் அப்படியே. மடக்கி மடக்கி ஒருநாள் உள்ளே முறியும். முறிந்த முனை பின்னலின் கண் வழியாக வெளியே வரும்.

மெத்தையில் இந்தச் சிக்கல் அடிப்படையிலேயே இல்லை. எழுத்து அதன் தளத்தில் முழு நீளத்துக்கும் தைக்கப்பட்டிருக்கிறது. மெத்தை எப்படிக் கசங்கினாலும் தட்டி நீவிவிட்டால் 'ண' பழையபடி 'ண'தான். இன்னொன்றும் உண்டு: குழாய் எழுத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, 'ட'வைத் திருப்பிப் போட்டால் குழந்தை பார்ப்பது கண்ணாடியில் தெரியும் 'ட'. மெத்தைக்கு முகம் ஒன்றுதான். மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டை வைத்துவிட்டால் தலைகீழாகப் பிடிப்பதும் குறையும். அந்தப் பட்டையை வளையமாக விடாமல் படியத் தைக்க வேண்டும், விரல் மாட்டக்கூடாது.

அளவு இப்படி. அதே 8 பிளை காட்டன், 2.5 மி.மீ. ஊசி. 25 செயின் (சங்கிலிக் கண்) போட்டு, இரண்டாவது செயினிலிருந்து 24 சிங்கிள், ஒவ்வொரு வரிசையும் ஒரு செயின் எடுத்துத் திரும்பி 27 வரிசை. சுமார் 11 செ.மீ. சதுரம் வரும். சுற்றிச் சுற்றிப் பின்னாமல் வரிசையாகத் திரும்பிப் பின்னச் சொல்வதற்குக் காரணம், சுற்றில் பின்னினால் தையல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும், மேலே வரையும் எழுத்தும் சாய்ந்து தெரியும். இறுக்கம் சரிதானா என்று பார்க்க, பின்னலை விரலால் இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். இடைவெளியில் உள்ளே இருப்பது தெரிந்தால் ஊசியை 2.25 ஆக்குங்கள்.

முன், பின் முகங்களுக்கான இரண்டு சதுரத்தையும் பின்னி, துவைத்துக் காயவைத்த பிறகே எழுத்து வைக்க வேண்டும். காட்டன் முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும். சுருங்காத சதுரத்தின் மேல் எழுத்தைத் தைத்துவிட்டால் பிறகு எழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழும். மெத்தை காட்டன், எழுத்து அக்ரிலிக் (செயற்கை நூல்) என்று கலந்தாலும் இதே தொல்லை, அது சரியாகவே ஆகாது.

தையல்காரர் சாக்பீஸால் எழுத்தை வரைந்து, நூலைச் சதுரத்தின் பின்னால் பிடித்துக்கொண்டு, ஊசியை முன்பக்கமிருந்து குத்தி ஒவ்வொரு கண்ணாக ஸ்லிப் ஸ்டிட்ச் (மேலே சங்கிலியாகப் படியும் தையல்) இழுக்க வேண்டும். இதற்கு மட்டும் 3 மி.மீ. ஊசி. அதே 2.5-இல் இழுத்தால் சதுரம் சுருங்கிக் குவியும். பேனா எங்கே தொடங்குமோ அங்கிருந்தே தொடங்குங்கள்: 'அ'வுக்கு உட்சுழி, 'ட'வுக்கு மேல்முனை. சங்கிலிக் கண்கள் எழுதும் திசையிலேயே வரிசையாக அமையும், குழந்தையின் விரல் அதன் மேலேயே ஓடும். ஒற்றைக் கோடு மெலிந்து தெரியும். ஒட்டினாற்போல் இரண்டாவது கோடும் போட்டால் தொட்டாலே எழுத்து தெரியும் அளவுக்குப் புடைக்கும். இன்னும் தடிமன் வேண்டுமென்றால் மூன்று தையல் ஐ-கார்டு (மெல்லிய கயிறு) பின்னி மேலே தைக்கலாம், ஆனால் அரை செ.மீ.க்கு ஒரு தையல் கட்டாயம். தளர்ந்த இடத்தில் பிஞ்சு விரல் நுழையும்.

'ஔ' மட்டும் 24 தையலில் அடங்காது, 34 தையல் அகலம் வையுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைத் தனி வட்டமாகப் பின்னி நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு ஒட்டுவது தவறு. ஒன்று நூலாலேயே நிரப்பித் தையுங்கள், அல்லது வட்டத்தின் விளிம்பு முழுவதையும் சுற்றித் தையுங்கள். 'ஃ'க்கு மூன்று உருண்டை பின்னத் தோன்றும், பார்க்கவும் முத்தாக இருக்கும். தனி உருண்டை வேண்டவே வேண்டாம். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் பயன்படும் சிறுபாக உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியதாகவே கருதப்படும். பொத்தான், மணி, காந்தம் எல்லாவற்றுக்கும் இதே தடை, காந்தத்துக்கு இன்னும் கடுமையாக.

உள்ளே உதிரி ஃபைபர் போடாதீர்கள். பர்ஸ், பை தைப்பவர்கள் வைக்கும் பாலியஸ்டர் வாடிங் ஷீட்டை (பஞ்சு விரிப்பை) 11 செ.மீ. சதுரமாக வெட்டி இரண்டு, மூன்று அடுக்கு வையுங்கள். அது நகராது, கட்டி தட்டாது, சீக்கிரம் காயும். இலவம் பஞ்சு தலையணைக்கு நல்லது. தண்ணீர் பட்டால் உருண்டு கட்டியாகிவிடும். ஓரத்தைச் சிங்கிளால் இணைக்கும்போது மூலைக்கு ஒரே கண்ணில் மூன்று தையல், நூல் முனையை உள்ளே குறைந்தது 10 செ.மீ. ஓடவிட்டு வெட்டுங்கள்.

துவைக்கும்போது முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, படுக்கவைத்துக் காயப்போட வேண்டும். சித்திரை வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் மின்விசிறிக்கு அடியில் வைத்தாலும் மறுநாள் திருப்பிப் போட வேண்டியிருக்கும். நடுவில் ஈரம் இருக்கும்போதே பெட்டிக்குள் போட்டால் பூஞ்சை வாடை வரும். அக்ரிலிக் ஆட்கள் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறார்கள். தண்ணீரை அதிகம் உறிஞ்சாததால் பாதி நேரத்தில் காய்ந்துவிடும், விலையும் குறைவு. ஆனால் குழந்தை சப்பிச் சப்பி உராயும் இடத்தில் மேல்பரப்பு பிசிறெழும்பி உருண்டை தட்டும், எழுத்தின் ஓரம் மங்கும். சூடான தண்ணீரும் இஸ்திரியும் அதற்கு ஆகாது. மில்க் காட்டன் (வேறு இழை கலந்த காட்டன் நூல்) மிருதுவாக இருக்கிறது, நிறமும் நன்றாக இருக்கிறது. ஒரு வருடத் துவைப்புக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அதில் எனக்குப் பழக்கமில்லை.

சாயம் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு, அடர் நீலம் வாங்கினால் ஒரு சாண் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் ஐந்து நிமிடம் அழுத்திப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஏற்கெனவே சாயம் ஏறிய நூலில் உப்பால் பெரிதாக ஒன்றும் ஆகாது. போகும் சாயத்தைப் பின்னுவதற்கு முன்பே அலசித் தீர்ப்பதுதான் வழி, தீராவிட்டால் அந்த நூல் இந்த வேலைக்கு வேண்டாம்.

மெத்தையின் குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு முகத்துக்கு 1,300 தையல், மேலே எழுத்து, ஓரம் என்று குழாயைப் போல இருமடங்கு உழைப்பு. ஒன்றுக்குச் சுமார் 20 கிராம் நூல் பிடிக்கும், 31 எழுத்துக்கும் சேர்த்து 100 கிராம் பந்து ஏழு வாங்கிக்கொள்வது நல்லது. 27 வரிசை சதுரத்தையே அறுபதுக்கும் மேல் பின்னுவது அலுப்புத் தட்டும் வேலை என்பதையும் மறைக்க முடியாது. நிறத்தை மாற்றி மாற்றிப் போட்டால் கொஞ்சம் தாங்கும்.

விற்க நினைப்பவர்களுக்கு: 14 வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. 'சும்மா வீட்டில் பின்னுவதுதானே' என்பது விலக்கு ஆகாது, பதிவை முதலில் பாருங்கள்.

குழாயைத் தூக்கி எறியவும் வேண்டாம். கைக்கு எட்டாத உயரத்தில், சுவரில் குழந்தையின் பெயரை மாட்டுவதற்கு அதைவிட அழகான முறை இல்லை. அங்கே துவைப்பும் இல்லை, கடிப்பும் இல்லை, கம்பியும் வைத்துக்கொள்ளலாம். பெயரில் 'ண' இருந்தால் மட்டும் முதலில் அதைப் பின்னி அளவெடுத்துக்கொண்டு, மற்ற எழுத்துகளின் உயரத்தை அதற்கேற்ப வையுங்கள்.