பேக்கப் சோதனைக்கு மாதாமாதம் பணம் வாங்கியவர்கள்

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் கடையோ மொத்த வியாபாரமோ நடத்துகிற நம் மக்கள், உங்கள் கணக்குத் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்பவரை இந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள். எங்களுக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது.

நாங்கள் மசாலாவும் பூஜைப் பொருட்களும் மொத்தமாக விற்கிறோம். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் கடைக்காரர்களில் பலர் கடனுக்குத்தான் எடுப்பார்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எத்தனை மூட்டை, வாட் கணக்கு எல்லாம் மைஎஸ்கியூஎல் என்ற மென்பொருளில் ஓடும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தன. அதைப் பராமரிக்க ஒரு நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் கட்டிவந்தோம். நடத்துபவர் கோயிலில் பழக்கமான தம்பி. அவர்களுடைய பில்லில் ‘மீட்டெடுப்புச் சோதனை’ என்று தனியாக ஒரு தொகை மாதந்தோறும் இருக்கும். பேக்கப்பிலிருந்து, அதாவது தரவின் காப்புப் பிரதியிலிருந்து, எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற முடிகிறதா என்று பார்ப்பதுதான் அது. கூடவே வரும் அறிக்கையில் ஒவ்வோர் இரவுக்கும் எதிரே ‘பேக்கப் வெற்றி’ என்ற பச்சைக் குறி.

தீபாவளிச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்த வாரத்தில் மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது ஏற்பட்ட மின்னழுத்த ஏற்றத்தில் சர்வரின் டிஸ்க் எரிந்துபோனது.

“பதற வேண்டாம் அண்ணா, நேற்றிரவுப் பேக்கப்பை ஏற்றிவிடுகிறோம்” என்றார் தம்பி. அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை. வேறொரு நிபுணரை அழைத்து வந்து பேக்கப் கோப்புகளைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொன்றும் 20 பைட். உள்ளே எதுவுமே இல்லாத ஜிஸிப் சுருக்கக் கோப்பின் அளவு அதுதான் என்று அவர் விளக்கினார்.

நடந்தது இதுதான். மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற நிரல் தரவை எடுத்துக் கொடுக்க, ஜிஸிப் என்ற நிரல் அதைச் சுருக்கிக் கோப்பாக்கும். நிறுவனத்தார் ஏதோ வேலைக்காகத் தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்கள். இந்த நிரல்களைத் தானாக ஓட்டும் கட்டளைக் கோப்பான பேக்கப் ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. மைஎஸ்கியூஎல்டம்ப்பால் உள்ளே நுழையவே முடியவில்லை. ஜிஸிப்போ வெறுமையைச் சுருக்கிவிட்டு வேலை முடிந்ததாகச் சொன்னது. இப்படி இரண்டு நிரல்களைக் கோத்து ஓட்டினால், கடைசி நிரல் சொல்லும் பதிலைத்தான் ஸ்கிரிப்ட் நம்பும். ‘பைப்ஃபெயில்’ என்ற ஒரு வரி அமைப்பைச் சேர்த்திருந்தால் முதல் இரவே தவறு தெரிந்திருக்கும். போதாக்குறைக்கு, 30 நாளைத் தாண்டிய கோப்புகள் தாமாக அழியும்படி வைத்திருந்தார்கள். நல்ல கோப்புகள் ஒவ்வொன்றாக அழிந்துபோயின.

கவனக்குறைவு என்றால்கூட மன்னித்திருப்பேன். 20 பைட் கோப்பை எந்த இயந்திரத்திலும் மீட்டெடுக்க முடியாது. ஆகவே அவர்கள் பணம் வாங்கிய அந்தச் சோதனை நடக்கவே இல்லை. செய்யாத வேலைக்கு பில் போடுவதற்கு என் அகராதியில் ஏமாற்று என்றுதான் பெயர். கேட்டதற்கு, எரிந்த டிஸ்க்கிலிருந்து தரவை மீட்டுத் தருவதாகச் சொல்லிப் புதிய கட்டண மதிப்பீடு அனுப்பினார்கள்!

பிப்ரவரி ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக எங்கள் கணக்காளர் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அதற்குப் பிந்தையவற்றை டெலிவரிச் சீட்டுகளைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்கிறோம். பல கடைக்காரர்கள் தங்களிடமிருந்த இன்வாய்ஸ்களைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள், அவர்களுக்கு நன்றி. வரி ஆவணங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் உள்ள, தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின்படி, வாடிக்கையாளர் விவரங்கள் தொலைந்துபோகாமல் காக்கும் பொறுப்பும் நம்மிடமே இருக்கிறது. வேலையை வெளியாளிடம் கொடுத்தாலும் அது நீங்காது.

உங்கள் பராமரிப்பாளரிடம் அறிக்கை கேட்காதீர்கள். நேற்றைய பேக்கப்பை வேறொரு கணினியில் உங்கள் கண்முன் ஏற்றச் சொல்லி, கடைசி இன்வாய்ஸ் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மைஎஸ்கியூஎல்டம்ப் கோப்பு முழுமையாக முடிந்திருந்தால், வழக்கமாக அதன் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று இருக்கும். தரவுத்தளத்தின் முழு அதிகாரம் தரும் ரூட் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் உங்கள் பெட்டகத்தில் இருக்கட்டும்.

சிறு வழக்கு நீதிமன்றத்தில் கம்பெனி பெயரில் வழக்குத் தொடுக்க முடியாது என்பதால், வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். இதேபோல் சோதனைக் கட்டணம் கட்டி ஏமாந்தவர்கள் பழைய பில்களையும் அறிக்கைகளையும் தூக்கிப் போடாமல் எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம் போகலாம்.