சின்ஸா, ஃபாரா?

'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று நேர்காணலில் நிறையப் பேர் சொல்கிறார்கள். அங்கே வர வேண்டியது ஃபார். எவ்வளவு காலம் என்றால் ஃபார்: ஃபார் த்ரீ இயர்ஸ், ஃபார் டூ அவர்ஸ். எப்போது தொடங்கியது என்றால் சின்ஸ்: சின்ஸ் 2019, சின்ஸ் மண்டே. 'மூணு வருஷமா' என்று மனசில் வந்தால் ஃபார், 'திங்கட்கிழமையிலிருந்து' என்று வந்தால் சின்ஸ்.

அப்புறம், வினைச்சொல்லையும் பாருங்கள். பாதித் தவறு அங்கேதான். இன்னும் அதே வேலையில் இருந்தால் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று வர வேண்டும். வேலையை விட்டுவிட்டீர்களா? 'ஐ வொர்க்டு தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' சரி. அங்கே சின்ஸ் பொருந்தாது. ஃபாரைத்தான் முதலில் பழகச் சொல்வேன். முடிந்ததற்கும் நடப்பதற்கும் இனி வரப்போவதற்கும் அது ஒத்துவரும்.