தொங்காட் அலி காப்பியா, கிளினிக் மாத்திரையா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இனிப்பு நீர் உள்ள அண்ணன்மார் சிலர், விறைப்புக் குறைவை டாக்டரிடம் சொல்லத் தயங்கி, கடையில் ஆண்மைக்கு நல்லதென்று விற்கும் தொங்காட் அலி (ஒரு மூலிகை வேர்) காப்பி வாங்குகிறார்கள். இத்தகைய காப்பிகள் சிலவற்றில் சில்டெனாஃபில் போன்ற விறைப்பு மருந்து ரகசியமாகக் கலந்திருந்ததை மலேசிய சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. அளவு தெரியாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

கிளினிக் மாத்திரையிலும் அதே மருந்துதான், ஆனால் அளந்தது. உங்கள் மற்ற மருந்துகளையும் பார்த்துத்தான் தருவார்கள். அப்புறம் ஒன்று: சர்க்கரை கூடினால் ரத்தக்குழாயின் உட்சுவரும் நரம்பும் கெட்டு, அவை சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு குறைகிறது. தசையைத் தளர்த்தி விறைப்புக்கு உதவும் சிஜிஎம்பி என்ற பொருள் உடலில் உருவாக அதுதான் தூண்டுகோல். மாத்திரை சிஜிஎம்பியைச் சிதையாமல் காக்கும், நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்காது. அதனால் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். என் ஓட்டு கிளினிக்குக்கே. வெட்கப்படாமல் கேளுங்கள், அண்ணே. விறைப்புக் குறைவு இதய நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம்.